பைபாஸுக்குப் பின் உயராத ரத்த அழுத்தமும் சிவந்த சிறுநீரும்

வணக்கம். பைபாஸ் அறுவைக்குப் பின், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின், வாசோபிரெசின் மருந்துகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தும் தந்தையின் ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருந்ததால் ஹைட்ராக்ஸோகோபாலமின் (வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்) கொடுத்தார்கள் என்றும், மறுநாள் சிறுநீர் சேகரிக்கும் பை சிவந்திருந்ததைக் கண்டு ரத்தப்போக்கோ என்று அஞ்சியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

அந்த மருந்தே அடர்சிவப்பு நிறமுடையது; சிறுநீர் சில வாரங்கள்வரைகூடச் சிவந்திருக்கலாம், தோலும் சிவக்கலாம். ஆயினும் ரத்தக் கசிவு இல்லை என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் சுழன்றபின் சிலருக்கு ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன; அதற்கு ஒரு காரணமான நைட்ரிக் ஆக்சைடை இந்த பி12 வடிவம் பற்றிக்கொள்வதால் குழாய்கள் மீண்டும் இறுகுகின்றன. சத்துக்குறைவுக்குத் தருவது மைக்ரோகிராம் கணக்கில். இங்கோ வழக்கமாக 5 கிராம், சிரைவழியாக. சயனைடு நஞ்சுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இது. உங்கள் தந்தையின் நிலைக்கான சான்றுகள் பெரும்பாலும் சிறு ஆய்வுகளே என்பதால், மற்ற மருந்துகள் போதாதபோதே இதை நாடுகிறார்கள்.

ஒன்றை அவசியம் கவனத்தில் கொள்ளுங்கள்: இந்நிறம் கிரியேட்டினின் (சிறுநீரகம்), பிலிருபின் (கல்லீரல்) போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யும், டயாலிசிஸ் இயந்திரத்திலும் பொய்யான ரத்தக்கசிவு எச்சரிக்கையை எழுப்பும். இதே நிலைக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான மெத்திலீன் புளூ கொடுக்கும் பேச்சு எழுந்தால், தந்தை மனச்சோர்வு மாத்திரை எடுப்பவரா, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவரா என்பதை உடனே தெரிவித்துவிடுங்கள்.