டார்ஷன் பாரைத் தளர்த்திய பின் ஹைலக்ஸின் முன்புறம் இடிப்பது பற்றி

வணக்கம். உங்கள் 1991 டொயோட்டா ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டியில், முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டான டார்ஷன் பாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்புறத்தை இறக்கிய பிறகு, சிறு பள்ளத்தில்கூட இடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாரின் விறைப்பு மாறவில்லை; லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்புறக் கை) மேலெழும்புவதற்கு இருந்த இடைவெளி தீர்ந்து, அதன் மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை ஒட்டியே அது நிற்பதால்தான் ஒவ்வொரு அதிர்வும் நேராகச் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இறங்குகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இருபுறமும் அந்த இடைவெளியைப் பார்த்து, ஆர்ம் தாராளமாக அசைய இடம் கிடைக்கும்வரை போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மீண்டும் இறுக்குங்கள். ரப்பரை வெட்டச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்; இரும்போடு இரும்பு மோதும்.

பின்புறத்தையும் இறக்க, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் வைக்கும் கட்டையான லோயரிங் பிளாக் வாங்க வேண்டாம். இவ்வண்டியில் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) அச்சுக்கு மேலே அமர்ந்திருப்பதால், இடையில் வைக்கும் பிளாக் வண்டியை உயர்த்தவே செய்யும். உயரத்தை முடிவுசெய்ததும் வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) கட்டாயம். இல்லையெனில் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும்.