அண்டர்கிரவுண்ட் சிற்றச்சகக் கவிதை என்றால் என்ன, அதை எழுதியவர்கள் ஏன் பெரிய பதிப்பகங்களுக்குப் போகவில்லை?

பெரிய பதிப்பகம் தொடத் தயங்கிய கவிதைகளை, கவிஞர்களும் நண்பர்களும் சொந்தக் கைக்காசில் அச்சடித்துச் சில நூறு பிரதிகள் சுற்றுக்கு விட்டதுதான் இது. அமெரிக்காவில் 1960களில் உச்சத்தில் இருந்தது.

காரணம் இரண்டு. ஒன்று, மிமியோகிராஃப், அதாவது நம்மூர் சைக்ளோஸ்டைல் மாதிரியான இயந்திரம்: தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி, மை உருளையில் மாட்டிச் சுற்றினால் பக்கம் தயார், அச்சகத்தாரின் சம்மதமே தேவையில்லை. இன்னொன்று சட்டம். 1956இல் சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்ட, கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் ‘ஹௌல்’ கவிதை நூல் மீது ஆபாச வழக்கு வந்தது. 1957இல் நீதிமன்றம் அது ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அப்படியும் பயம் போகவில்லை. கிளீவ்லாண்டில் தானே அச்சடித்துக் கவிதை பரப்பிய டி.ஏ. லெவி மீது 1966இல் அதே குற்றச்சாட்டு. 1968இல், 26 வயதிலேயே இறந்துபோனார். எனக்கு இந்த இயக்கத்தின் முகமே அவர்தான்.

வகுப்பில் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொள்வார்கள் இல்லையா, பாடநூலில் இல்லாதது அதில் இருக்கும் என்பதால்? கிட்டத்தட்ட அதுதான்.

அப்புறம், அண்டர்கிரவுண்ட் என்றதும் தலைமறைவாக இயங்கியவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கவிதைகளை வெளியிட்ட சிறு பத்திரிகைகள் பலவற்றில் முகவரி வெளிப்படையாகவே இருந்தது, படைப்புகள் தபாலில் வந்து சேர வேண்டுமே.