டவுன் பஸ்ஸில் விழுந்து அம்மாவுக்கு எலும்பு முறிந்தது, நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த என் அம்மா, டிரைவர் சடன் பிரேக் போட்டதில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அரசு பஸ். "கம்பியைப் பிடிக்காதது உங்க தப்பு" என்கிறார் கண்டக்டர். இரண்டு மாதம் ஆகிறது, போலீஸுக்குப் போகவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. பன்னிரண்டு வருஷமாக எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) கட்டுகளைச் சுமக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கம்பி விஷயம். நின்றுகொண்டு வருகிறவர்களையும் டிக்கெட் கொடுத்துத்தான் ஏற்றுகிறார்கள். அவர்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்து ஓட்ட வேண்டியது டிரைவரின் கடமை. அவர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்று காட்டிவிட்டால், வேலைக்கு வைத்த போக்குவரத்துக் கழகம்தான் பணம் கட்ட வேண்டும், டிரைவரின் சட்டைப் பையிலிருந்து அல்ல. கண்டக்டருக்கும் இதே கணக்கு: ஆள் இறங்கி முடிப்பதற்குள் விசில் கொடுத்தால் அதுவும் கழகத்தின் தலையில்தான் விழும். தனியார் பஸ் என்றால் முதலாளியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும். பின்னால் வந்த லாரியும் சேர்ந்து இடித்திருந்தால், யார் மீது எத்தனை சதவீதம் தப்பு என்று பயணி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இருவரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படியில் தொங்கிக்கொண்டு போனவர் கதை வேறு. அவருக்குக் கிடைப்பதில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள்.

எந்தக் கோர்ட் என்று குழம்ப வேண்டாம். டிக்கெட் வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு 1995-லேயே பதில் வந்துவிட்டது, அதுவும் நம் ஊர் வழக்கிலேயே. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக பஸ், வழியில் மாட்டு வண்டிகள், சடன் பிரேக். கடைசி சீட்டில் நடுவே உட்கார்ந்திருந்தவர் முன்னால் தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு இறந்தார். இது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டியது, நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பஸ் வேறு எதிலும் மோதாவிட்டாலும் உள்ளே விழுந்தால் அது விபத்துதான் என்பதற்கும் உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம். மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, அம்மா குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்தக் கேஸ்களில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் நாள் ஆஸ்பத்திரியில் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. ஏ.ஆர். காப்பி என்போம், விபத்துப் பதிவேடு. எங்கே, எப்படி அடிபட்டது என்று கேட்டு டாக்டர் அதில் எழுதுவார்.

பூ விற்கும் ஒரு அம்மாவின் கேஸ் எங்கள் ஆபீசுக்கு வந்தது. இறங்கும்போது பஸ் நகர்ந்து கால் முறிந்துவிட்டது. கண்டக்டரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "படியில கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுங்கம்மா, டிரைவர் புள்ளகுட்டிக்காரன்" என்றாராம். அந்த அம்மாவும் இரக்கப்பட்டு அப்படியே சொல்லிவிட்டார். "பஸ் படியிலிருந்து தானாகத் தவறி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று ஏ.ஆரில் ஏறிவிட்டது. குறுக்கு விசாரணையில் கழகத்து வக்கீல் அந்தத் 'தானாக'வை மூன்று தடவை படிக்கச் சொன்னார். கிடைத்தது பாதித் தொகை. (கண்டக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்வதும் போலீஸுக்குத் தெரிவிப்பதும் சட்டம் டிரைவருக்குப் போட்ட கடமை. இவர்கள் முதலாவதைச் செய்து இரண்டாவதை அமுக்கிவிட்டார்கள்.)

உங்கள் அம்மாவின் ஏ.ஆரில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பஸ், பிரேக் என்ற வார்த்தைகள் அதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு, விபத்து நடந்த எல்லை ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். "இரண்டு மாசம் என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். சிகிச்சையில் இருந்தோம் என்ற உண்மையைச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. டிக்கெட் இருந்தால் பத்திரம், மை அழிவதற்குள் போட்டோ எடுங்கள். இல்லையென்றால் கூட வந்தவர் சாட்சி போதும்.

ஆனால் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2019-ல் திருத்தி 2022 ஏப்ரல் 1 முதல் அமலான மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அதே திருத்தத்தில் வந்த 164-வது பிரிவையும் வக்கீலிடம் கேளுங்கள். கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். அதில் சமரசமாகப் பணத்தை வாங்கிக்கொண்டால், தப்பை நிரூபித்து 166-வது பிரிவில் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடும் என்பதால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 166-ல் மருத்துவச் செலவு, வலி வேதனை, வருமான இழப்பு, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். அம்மா வேலைக்குப் போகாதவர் என்றாலும் வருமானம் பூஜ்யம் இல்லை, வீட்டு வேலைக்கும் ஒரு தொகை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். தையல் வேலை செய்பவர் என்றால் ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தை விட, அந்தக் கையால் இனி தைக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி.

கழகத்தின் எதிருரையைப் பார்த்துக் கலங்காதீர்கள். "பேருந்து மிதமான வேகத்தில் சென்றது, மனுதாரரின் கவனக்குறைவே காரணம்." பேரையும் தேதியையும் மட்டும் மாற்றி வருஷக்கணக்காக அதே வாசகம்தான். தீர்ப்பு வந்த பிறகும் பணம் கட்டாவிட்டால், அதை வசூலித்துத் தரச் சொல்லி நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் கோர்ட் அமீனா அரசு பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று பேப்பரில் வருகிறதே, அது இந்தக் கட்டம்தான். அதற்குள் வருஷங்கள் ஓடியிருக்கும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி சேரும் என்பது ஒரு ஆறுதல்.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் ஏ.ஆர். காப்பிக்கு எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னால், மேற்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.