கணக்கு வாத்தியார் பதில்கள்: தொடர் எழுதினால் தீர்வு ஆகிவிடுமா?

கேள்வி: ஒய்″ = எக்ஸ் × ஒய் என்ற வகைக்கெழுச் சமன்பாட்டை அடுக்குத் தொடர் முறையில் தீர்க்கச் சொல்கிறார்கள். கடைசியில் முடிவே இல்லாத ஒரு தொடரை எழுதி, அடியில் கோடு கிழித்து, ‘இதுவே தீர்வு’ என்கிறார் எங்கள் சார். விடை தெரியவில்லை என்பதைத்தானே இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறோம்?
- பி.எஸ்சி. மாணவி, திண்டுக்கல்

பதில்: ஒய்″ = −ஒய் என்று கொடுத்தால் சைன், காஸ் என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடுகிறீர்களே, அப்போது ஏனம்மா இந்தக் கோபம் வரவில்லை? சைன் 1 ரேடியன் எவ்வளவு என்று கேட்டால் கால்குலேட்டரைத் தட்டுவீர்கள். எங்கள் காலத்தில் கிளார்க் டேபிள் என்ற அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டுவோம். இரண்டுமே யாரோ கூட்டி வைத்த கணக்குதான். அந்தச் சமன்பாட்டையே தொடராகப் போட்டுப் பாருங்கள், 1 − எக்ஸ்²/2 + எக்ஸ்⁴/24 என்று காஸ் தானாக வந்து நிற்கும்.

உங்கள் சமன்பாட்டுக்கு வருவோம். ஒய் = க₀ + க₁எக்ஸ் + க₂எக்ஸ்² + … என்று வைத்து இரண்டு முறை வகையிடுங்கள். இடது பக்கம் 2க₂ என்ற மாறிலியில் தொடங்கும். வலது பக்கத்தில் எல்லாவற்றையும் எக்ஸால் பெருக்கியிருப்பதால் மாறிலியே கிடையாது. ஆகவே க₂ பூச்சியம், அதோடு க₅, க₈ எல்லாம் காலி. மற்றவை மும்மூன்று படியாகத் தாவும்: க₃ = க₀/6, க₆ = க₃/30, க₉ = க₆/72. வகுக்கும் எண்கள் 2×3, 5×6, 8×9 என்று போகின்றன. க₀ = 1, க₁ = 0 என்று எடுத்துக்கொண்டு எக்ஸ் = 1 போட்டால் 1 + 0.166667 + 0.005556 + 0.000077. நாலே உறுப்பில் 1.1723 வந்துவிட்டது. விடை தெரியாதவன் ஐந்து இலக்கம் சரியாகச் சொல்வானா? க₀ = 0, க₁ = 1 என்று வைத்தால் இரண்டாவது தீர்வு. இரண்டையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்தால் கிடைப்பதற்கு எய்ரி சார்பு என்று பெயர். பெயர் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது!

கேள்வி: அதே தொடர், எக்ஸ் எதுவாக இருந்தாலும் ஒருங்கும் (கூட்டுத்தொகை ஒரே எண்ணை நெருங்கி நிற்கும்) என்று புத்தகத்தில் நிரூபணமே இருக்கிறது. நான் எக்ஸ் = −10 போட்டுக் கால்குலேட்டரில் கூட்டினேன். லட்சம், கோடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. புத்தகம் தப்பா, கால்குலேட்டர் தப்பா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் சரி தம்பி. முதலில் −5-ஐ எடுத்துக்கொள்வோம், கையாலேயே போடலாம். உறுப்புகள் இப்படி வரும்: 1, −20.83, 86.81, −150.70, 142.71, −84.95, 34.70, −10.33, 2.34, −0.42, 0.06… கூட்டினால் 0.38. நூற்றைம்பதுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சியது இவ்வளவுதான். −10-க்குப் போனால் மிகப் பெரிய உறுப்பு 6 கோடியே 42 லட்சம். உண்மையான விடையோ −0.2 அளவில்தான். லாரியோடு எடை மேடையில் ஏறி, அப்புறம் வெறும் லாரியை ஏற்றி, வித்தியாசத்தைப் பார்த்து எலுமிச்சம்பழத்தின் எடையைச் சொல்வது போன்ற வேலை இது. பத்து இலக்கக் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்தைக் கோடிகள் தின்றுவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

தொடர் ஒருங்குகிறது என்ற நிரூபணம், கடைசியில் விடை வரும் என்று மட்டுமே உத்தரவாதம் தருகிறது. அதற்குள் எத்தனை உறுப்பு, எத்தனை இலக்கம் என்று அது சொல்வதில்லை. வகுப்பில் நாமும் சொல்வதில்லை. இது எனக்கு ரொம்ப நாள் குறை.

இதில் முதலில் மாட்டிக்கொண்டவர்கள் வானவில்லை ஆராய்ந்தவர்கள். மழைத்துளிக்குள் நுழைந்து திரும்பும் கதிர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வில்லின் விளிம்பில் வெளிச்சம் முடிவிலி என்று வரும். ஒளியை அலையாக எடுத்துக்கொண்டு 1838-ல் இதைச் சரிசெய்தவர் கிரீன்விச் வானாய்வாளர் ஜார்ஜ் எய்ரி. வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி வரும் பட்டைகள் அந்த எய்ரி சார்பின் மைனஸ் பக்கத்து ஏற்ற இறக்கங்கள்தான்; அது பூச்சியமாகும் இடமெல்லாம் இருண்ட பட்டை. அவர் தமது அளவுகோலில் −4 முதல் +4 வரை ஒவ்வொரு மதிப்பாகக் கணக்கிட்டு அட்டவணை போட்டார். பிறகு கணித அறிஞர் டி மார்கன் அடுக்குத் தொடரைப் போடச் சொல்லி யோசனை கூற, அட்டவணை 5.6 வரை நீண்டது. (டி மார்கன் 1806-ல் பிறந்தது நம்ம மதுரையில். ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து போய்விட்டார் என்பதால் ரொம்பவும் உரிமை கொண்டாட முடியாது.)

5.6-க்குள் அடங்குவது இரண்டே இருண்ட பட்டைகள். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் மில்லர் கண்ணால் பார்த்து அளந்தது முப்பது! தொடர் ஒருங்கத்தான் செய்கிறது, ஆனால் முப்பதாவது பட்டை வரை அதைக் கையால் கூட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

1850-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஸ்டோக்ஸ் அதே வகைக்கெழுச் சமன்பாட்டை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். எக்ஸின் அடுக்குகள் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும் ஒரு தொடர். வேடிக்கை என்னவென்றால், அது ஒருங்கவே ஒருங்காது. முதல் சில உறுப்புகளோடு நிறுத்திக்கொண்டால் அற்புதமான விடை, பேராசைப்பட்டு மேலே போனால் போச்சு. முதல் உறுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட, முதல் இருண்ட பட்டை −2.32-ல் என்று வருகிறது, சரியான மதிப்பு −2.34. பத்தாவது பட்டைக்கு இரண்டும் −12.83. தூரம் போகப் போகத் துல்லியம் கூடுகிறது. ஸ்டோக்ஸ் ஐம்பது பட்டைகளுக்குக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆகவே பூச்சியத்துக்குப் பக்கத்தில் என்றால் உங்கள் தொடர், −10 என்றால் ஸ்டோக்ஸ். கணினி நிரல்களும் பொதுவாக இப்படித்தான் ஆள் மாற்றிக்கொள்கின்றன.

கேள்வி: ஃப்ரொபீனியஸ் முறையை எப்போது போட வேண்டும்? செமஸ்டர் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்லுங்கள் ஐயா.
- மாணவர், கரூர்

பதில்: 4எக்ஸ் ஒய்″ + 2ஒய்′ + ஒய் = 0 என்பதை எடுங்கள். ஒய்″ தனியாக நிற்கும்படி 4எக்ஸால் வகுத்தால், எக்ஸ் = 0-வில் மற்ற கெழுக்கள் வெடிக்கின்றன. ஃப்ரொபீனியஸ் முறை தேவை என்பதற்கு அதுதான் அறிகுறி. சாதாரணத் தொடரைப் போட்டால் 1 − எக்ஸ்/2 + எக்ஸ்²/24 − … என்று ஒரே ஒரு தீர்வு கிடைக்கும், இரண்டாவது அகப்படாது. ஃப்ரொபீனியஸ் சொன்னபடி தொடருக்கு முன்னால் எக்ஸின் ‘ஆர்’ அடுக்கு ஒன்றைப் பெருக்கி வைத்தால், மிகக் கீழ் உறுப்பிலிருந்து ஆர்(4ஆர் − 2) = 0 என்று வரும். ஆர் = 0, அல்லது 1/2. அந்த அரைதான் தொலைந்துபோன தீர்வு. முதலாவது காஸ் √எக்ஸ், இரண்டாவது சைன் √எக்ஸ். இரண்டு ‘ஆர்’ மதிப்புகளும் சமமாக இருந்தால் மடக்கை வந்தே தீரும், வித்தியாசம் முழு எண்ணாக இருந்தாலும் வரலாம். பெசல் சமன்பாட்டில் அதைத்தான் கேட்பார்கள், ஒரு தடவை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.