401(கே)வை உடைத்து ஷெவெல் வாங்கலாமா?

கேள்வி: வயது 47, மிச்சிகனில் ஐ.டி. வேலை. 1970ஆம் வருடத்து செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 கார் ஒன்று, எல்எஸ்6 என்ஜினோடு விலைக்கு வந்திருக்கிறது. 1,20,000 டாலர் சொல்கிறார்கள். பழைய கம்பெனியின் 401(கே) பணத்தை (ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்து வாங்கிப் போட்டால் பத்து வருடத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: 450 குதிரைத்திறன் என்றதும் எனக்கே சபலம் தட்டுகிறது. ஆனால் 401(கே)வைத் தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் விழும். மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரியோடு காருக்கு 1,27,200 டாலர் வேண்டும். அது கைக்கு வர, கணக்கிலிருந்து சுமார் 2 லட்சம் போய்விடும். கார் விலை மூன்றில் இரண்டு பங்கு ஏறினாலும் போட்டதுதான் திரும்பும். லாபம் வந்தால், சேகரிப்புப் பொருள் என்று 28 சதவீதம் வரை வரி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்து நஷ்டத்தில் விற்றால் அதைக் கழிக்கவும் முடியாது.

தனியாகச் சேமித்த பணம் இருக்கிறதா? அப்படியானால் பேசலாம். ஆனால் அது நிஜ எல்எஸ்6 தானா என்று முதலில் பாருங்கள். 1970இல் எஸ்எஸ் என்பது ஷெவெலின் மாலிபூ மாடலுக்குக் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்ட ஆப்ஷன். அதனால் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) ‘வி8 மாலிபூ’ என்பதோடு நின்றுவிடும், எந்த என்ஜின் என்று சொல்லாது. சாதா மாலிபூவில் எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டி விற்பவர்கள் நிறைய. ஃபேக்டரி பில்ட் ஷீட், அதாவது அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய தாள், அதைக் கேளுங்கள். பல கார்களில் அது பெட்ரோல் டேங்கின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடைத்திருக்கிறது. அப்புறம் என்ஜின் பிளாக்கின் முன்புறம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டை ஒட்டி ஒரு சின்னத் தட்டைப் பரப்பு இருக்கும். மேனுவல் கியர் என்றால் அதில் ‘சிஆர்வி’ என்ற எழுத்துகளும், வின்னின் கடைசி இலக்கங்களும் குத்தியிருக்க வேண்டும். எழுத்துக்கு அடியில், தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் நல்லது. வழவழவென்று இருந்தால், சீவிவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம்.

இன்ஷூரன்ஸை ‘அக்ரீட் வேல்யூ’ (முன்கூட்டியே பேசி முடித்த தொகை) பாலிசியாக எடுங்கள். சாதாரண பாலிசி தேய்மானம் கழித்துத்தான் தரும்.

சரி, இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பரப்பையும் பில்ட் ஷீட்டையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். வந்தால் ஒரு ஆய்வாளரை அனுப்பலாம். விற்பவர் சாக்குச் சொன்னால் ஆய்வாளருக்குக் கொடுக்கும் கூலியும் மிச்சம்.