சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பருக்கு இப்பவும் ஏதாவது அர்த்தம் இருக்கா?

கேள்வி கேட்டவரோட ஆதங்கம் புரியுது. குரோம் பிரௌசர் நூறத் தாண்டி ஓடிட்டு இருக்கு, ஐபோனோட ஐஓஎஸ் 18லேர்ந்து நேரா 26க்குத் தாவிடுச்சு, போதாக்குறைக்கு விண்டோஸ்ல 9ன்னு ஒண்ணு வரவே இல்ல, அப்ப இந்த நம்பரெல்லாம் சும்மா தானேங்கறார், தன்னோட டீம்ல எந்த நம்பர் முறைய வெச்சுக்கறதுன்னும் கேக்கறார். என்னக் கேட்டா அர்த்தம் இருக்கு, முன்ன இருந்ததவிட ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா அது "எவ்ளோ பெரிய மாற்றம்"ங்கற எடத்துல இல்ல. அங்க தேடுனா ஏமாற்றம்தான்.

அந்தப் பழைய அர்த்தம் எப்படிப் போச்சுன்னு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல வெச்சுப் பாருங்க. ஒரு காலத்துல நடு நம்பர் இரட்டைப்படைன்னா நம்பிப் போடலாம், ஒற்றைப்படைன்னா இன்னும் வேலை நடக்குதுன்னு அர்த்தம், 2.4 நிலையானது, 2.5 சோதனைக்கானது. 2003 டிசம்பர்ல 2.6 வந்ததுக்கப்புறம் அந்த வழக்கத்த விட்டுட்டாங்க, 2011 மே வரைக்கும் 2.6.39ன்னு இழுத்துட்டுப் போனாங்க, ஜூலைல திடீர்னு 3.0. லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் ஒளிவுமறைவில்லாமச் சொன்னாரு, பெருசா எதுவும் மாறல, நம்பர் நீளமாப் போச்சு அதனால மாத்தறேன்னு. 2015ல 4.0, 2019ல 5.0, 2022ல 6.0 எல்லாமே அதே கதைதான். ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரும் 2011 மார்ச்ல 4, ஜூன்லயே 5. இந்த மாதிரி சாஃப்ட்வேர்ல முன்னாடி நிக்கற நம்பர் ஒரு காலண்டர் மாதிரி, காலம் எவ்ளோ ஓடுச்சுன்னு மட்டும் சொல்லும். லினக்ஸ்ல ஒரு வகையான உபுண்டுல இத ஆரம்பத்துலயே நேர்மையா வெச்சுட்டாங்க, 4.10ன்னா 2004 அக்டோபர், அவ்ளோதான். 2006 ஏப்ரல்ல வர வேண்டியது ரெண்டு மாசம் தள்ளிப் போனதும் அதுக்கு 6.06ன்னே பேர் வெச்சாங்க, 6.04ன்னு ஒட்டி மறைக்கல. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும்.

ஆனா மனுஷங்க நம்பரப் பாக்கறத விட்டாலும் புரோகிராம்கள் விடல, இதத்தான் நெறைய பேர் யோசிக்கறதில்ல. லினக்ஸ் 3.0 ஆனப்ப, முன்னாடி 2.6ன்னு இருக்கும்னு நம்பி எழுதின புரோகிராம்கள் உடைஞ்சுது, அதுங்களுக்கு மட்டும் 2.6.40ன்னு பதில் சொல்ற ஒரு வசதிய கெர்னலுக்குள்ளயே வெக்க வேண்டி வந்துச்சு. விண்டோஸ் 7 உள்ளுக்குள்ள 6.1 தான், காரணம் இதே பயம். விண்டோஸ் 11 இன்னிக்கும் தன்ன 10.0ன்னுதான் சொல்லிக்குது, பில்ட் நம்பர் 22000லேர்ந்து ஆரம்பிக்கறத வெச்சுத்தான் அது 11ன்னு கண்டுபிடிக்கணும். ஓபரா பிரௌசர் 10 வந்தப்ப ரெண்டு இலக்கத்தப் பாத்ததும் பல வெப்சைட் அத வெர்ஷன் 1னு நெனச்சுக்கிட்டதால, வெர்ஷன் 12 வரைக்கும் 9.80ன்னு சொல்லியே காலத்த ஓட்டுச்சு. மேக் ஓஎஸ் 11 பழைய புரோகிராம்கள்கிட்ட 10.16ங்குது. பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழி 3.10 வந்தப்ப, எந்த வெர்ஷன் வேணும்னு குறிக்கற கான்ஃபிக் ஃபைல்ல மேற்கோள் போடாம 3.10ன்னு எழுதினவங்களுக்கு அது தசம எண்ணா மாறி 3.1 ஆயிடுச்சு. 2021ல இன்னும் ஒரு படி மேல, கெர்னல் 4.9 வரிசைல கடைசி நம்பர் 255 வரைக்கும் போயிடுச்சு, அதுக்கு ஒதுக்கியிருந்தது 8 பிட் தான், அதுல 255க்கு மேல கொள்ளாது, அடுத்து 4.9.256ன்னு போட்டா கணக்குப்படி அது 4.10.0ன்னு தெரியும். அர்த்தமே இல்லாத ஒரு நம்பருக்கு யாராவது இவ்ளோ மெனக்கெடுவாங்களா?

அடுத்தது வாக்குறுதி. லைப்ரரி, அதாவது மத்த புரோகிராம்கள் எடுத்து உபயோகிக்கற கோடுத் தொகுப்பு எழுதறவங்க பெரும்பாலும் செமான்டிக் வெர்ஷனிங்னு ஒரு முறைய வெச்சுக்கறாங்க, கோடு பகிர்ற தளமான கிட்ஹப்ப ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதினது. முதல் நம்பர் ஏறுனா பழைய கோடு உடையலாம், நடு நம்பர் ஏறுனா புதுசா வசதி வந்திருக்கு ஆனா பழசு ஓடும், கடைசி ஏறுனா பக், அதாவது பிழை, சரிபண்ணது மட்டும். கேக்க எளிமையா இருக்கு, ஆனா இதோட உண்மையான கனம் எங்க இருக்குன்னா, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள இறக்கித் தர்ற என்பிஎம் மாதிரி கருவிகள் இந்த வாக்குறுதிய நம்பித்தான் இயங்குது. நீங்க 1.4.0க்கு முன்னாடி ^ங்கற கூரைக் குறியப் போட்டுட்டா, 2.0.0க்குக் கீழ எது வந்தாலும் என் மெஷின்ல இறக்கிக்கோன்னு அனுமதி குடுத்துட்டீங்கன்னு அர்த்தம். 2022 ஜனவரில கலர்ஸ்னு ஒரு பிரபலமான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில அதப் பராமரிச்சவரே வேணும்னே முடிவில்லாம ஓடற ஒரு லூப்ப எழுதி 1.4.1ன்னு வெளியிட்டாரு. 1.4.0க்கும் 1.4.1க்கும் நடுவுல என்ன வந்துடப் போவுதுன்னுதான் எல்லாருக்கும் தோணும், கருவிகளுக்கும் அப்படித்தான் தோணுச்சு, எந்த வெர்ஷன்னு பூட்டி வெக்கற லாக் ஃபைல் இல்லாத புராஜெக்ட்ல எல்லாம் அது தானா உள்ள வந்துடுச்சு.

யாரும் கெட்ட எண்ணத்தோட பண்ணலேன்னாலும் இந்த வாக்குறுதிய நூத்துக்கு நூறு காப்பாத்த முடியாது. கூகுள்ல வேலை பாத்த ஹைரம் ரைட் பேர்ல ஒரு விதி சொல்லுவாங்க, போதுமான பேர் உபயோகிக்க ஆரம்பிச்சுட்டா நீங்க எழுத்துல என்ன உறுதி குடுத்தீங்கங்கறது பொருட்டே இல்ல, வெளிய தெரியற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருத்தர் நம்பிட்டு இருப்பாங்கன்னு. அதாவது உங்க பக்கே இன்னொருத்தருக்கு வசதி, அத நீங்க சரிபண்ணா அவங்களுக்கு உடையும். அதனால கடைசி நம்பர் ஏறுனத "எழுதினவர் உடைக்கணும்னு நெனைக்கல"ன்னு மட்டும் எடுத்துக்கோங்க. அது சின்ன தகவல் இல்ல, எத மொதல்ல டெஸ்ட் பண்ணணும், எதுக்கு ஒரு நாள் ஒதுக்கணும்னு முடிவு பண்ண அதுவே போதும். இதே வகைல டெக்ங்கற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேர் ஒரு தனி அழகு, அத எழுதின டொனால்ட் க்னூத் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கணிதத்துல வர்ற பையோட (π) அடுத்த இலக்கத்தச் சேத்துட்டே போறாரு, 2021ல வந்தது 3.141592653, இனிமே மாற்றம் சுருங்கிட்டேதான் போகும்ங்கற உறுதி அந்த எண்ணுலயே இருக்கு.

இதெல்லாத்தையும் விட முக்கியமா நான் நெனைக்கறது அடையாளம். உன்கிட்ட இருக்கறது எது, என்கிட்ட இருக்கறது எது, ரெண்டும் ஒண்ணுதானா? 2024 மார்ச்ல எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ்ங்கற ஃபைல் சுருக்கற கருவில, ரகசியமா உள்ள நுழைய ஒரு பின்கதவு இருக்கறத ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒருத்தர் எஸ்எஸ்ஹெச் (தூரத்து சர்வருக்குள்ள நுழையற வழி) லாகின் அரை செகண்ட் தாமதமாவுதேன்னு தோண்டப் போய் கண்டுபிடிச்சாரு. அன்னிக்கு உலகம் பூரா சர்வர் வெச்சிருக்கவங்க பாத்த முதல் விஷயம் வெர்ஷன் நம்பர், 5.6.0 இல்லேன்னா 5.6.1 இருந்தா உடனே பழசுக்குத் திரும்பணும், 5.4ன்னா மூச்சு விடலாம். 2021 டிசம்பர்ல லாக்4ஜேங்கற ஜாவா லைப்ரரில பாதுகாப்பு ஓட்டை வந்தப்பவும் இதே கதி, 2.15.0 போட்டாச்சுன்னு நிமிந்தா போதாதுன்னு 2.16.0, அப்புறம் 2.17.0, அதுக்கப்புறம் 2.17.1, எல்லாம் ஒரே மாசத்துக்குள்ள. அந்த நம்பர் இல்லாம ஒருத்தருக்கொருத்தர் "நீ சரிபண்ணிட்டியா"ன்னு எப்படிக் கேக்க முடியும்?

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஓட்டைகளத் தேடற செக்யூரிட்டி ஸ்கேனர் ரிப்போர்ட்டோட மல்லுக்கட்டறவங்களுக்குத் தெரியும். ஹார்ட்பிளீட்ங்கற ஓட்டை, இணையத்துல தகவல மறையாக்கம் பண்ற ஓப்பன்எஸ்எஸ்எல்ல 1.0.1லேர்ந்து 1.0.1எஃப் வரைக்கும் இருந்துச்சு, 2014 ஏப்ரல்ல 1.0.1ஜி-ல சரியாச்சு. ஆனா டெபியன்ங்கற லினக்ஸ் வகையோட வெர்ஷன் 7ல இருந்தது 1.0.1இ, அவங்க வெர்ஷன மாத்தல, சரிபண்ண அந்தத் துண்ட மட்டும் எடுத்து பழசுக்குள்ளயே வெச்சுத் தெச்சு, நம்பருக்குப் பின்னாடி ஒரு வால் சேத்தாங்க. முன்பாதிய மட்டும் படிக்கற ஸ்கேனர் "ஓட்டை இருக்கு"ன்னு கத்தும், வாலையும் படிச்சாத்தான் சரியான பதில் கெடைக்கும். இன்னொரு லினக்ஸ் வகையத் தர்ற ரெட் ஹேட்டும் இதே மாதிரிதான் பண்றாங்க. அதனால நம்பரப் பாக்கும்போது அது யார் குடுத்த நம்பர்னும் பாக்கணும், மூலத்த எழுதினவங்களா, இல்ல அத பேக்கேஜ் பண்ணிக் குடுத்தவங்களான்னு.

எனக்கு உண்மையிலயே கோவம் வர்றது நம்பரே காட்டாத சாஃப்ட்வேர் மேலதான். பிரௌசர்ல ஓடற பல அப்ளிகேஷன்ல நேத்து இருந்த பட்டன் இன்னிக்கு இல்ல, எப்ப மாறுச்சு, எதுலேர்ந்து எதுக்கு மாறுச்சுன்னு சுட்டிக்காட்ட ஒரு கைப்பிடியும் இல்ல. சப்போர்ட்டுக்கு எழுதினா "கேச்ச கிளியர் பண்ணிப் பாருங்க"ங்கறாங்க. போன் ஆப்ல நம்பர் இருக்கும் ஆனா பக்கத்துல "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன"ன்னு மாசக்கணக்கா அதே ஒரு வரி. எந்தப் பிழைன்னு சொல்லாட்டி, அது என்னோட பிழையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? அடுத்தவங்க நேரத்த மதிக்காத வேலை இது.

கடைசியா, உங்க டீம்ல எந்த முறைய வெச்சுக்கறதுன்னும் கேட்டிருந்தீங்க. மத்தவங்க கோடு உங்க கோட நம்பி நிக்குதுன்னா செமான்டிக் முறை, வேற யோசனையே வேண்டாம். பூஜ்யத்துல ஆரம்பிக்கற நம்பர்லயே வருஷக்கணக்கா உக்காந்துடாதீங்க, அந்த முறைப்படி அது "எப்ப வேணா எது வேணா மாறும்"னு அர்த்தம். வெப்சைட் கட்டற ரியாக்ட் லைப்ரரி கூட 0.14 வரைக்கும் அப்படி இருந்துட்டு, இவ்ளோ பேர் நெஜமான புரொடக்‌ஷன்ல ஓட்டறாங்களேன்னு 2016ல 15.0ன்னு மாத்துச்சு. நேரா மனுஷங்க உபயோகிக்கற அப்ளிகேஷன்னா வருஷம், மாசம் வெச்சுப் போடுங்க, கூடவே கமிட் ஐடியையும் (எந்தக் கோடு மாற்றத்துலேர்ந்து உருவாச்சுங்கற அடையாளம்) எங்கயாவது தெரியற மாதிரி வைங்க. எந்த முறைன்னாலும், ஒரு தடவ வெளியிட்ட நம்பருக்குள்ள வேற எதையும் மாத்தி வெக்காதீங்க. என்பிஎம்மும், பைத்தான் பேக்கேஜ்கள் இருக்கற பைபிஐயும் போட்டத அழிச்சா கூட அதே நம்பர்ல வேற ஒண்ண ஏத்த விடாது. உங்க ஆஃபீஸுக்குள்ள ஓடற சர்வர்லயும் அதே கட்டுப்பாட்டப் போட்டு வைங்க, ஒரு எழுத்துப்பிழைய சரிபண்ணாலும் சரி, புது நம்பர்.