கட்டைவிரல் காட்டியதற்காக 15,340 ரூபாய் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. கூடுவாஞ்சேரிப் பக்கம் எனக்கு 2 கிரவுண்ட் காலி மனை இருக்கிறது. மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, பாம்பு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். புல் வெட்டும் மெஷின் வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியின் நம்பரையும் அவரே கொடுத்தார். “மொத்தமா 4,500 மேடம், வெட்டி அள்ளிக் கொடுத்துடுறோம்” என்று மேஸ்திரி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். ஜிபேயில் 2,000 முன்பணம் போட்டேன். மறுநாள் ஒரு வீடியோ வந்தது. புல்லுக்கு நடுவே நிறைய கருவேல முள். “வேரோட எடுக்கணும் மேடம், கூட ஆகும்” என்றார். நான் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன். வேலை முடிந்த பிறகு வெள்ளைத் தாளில் பில் வந்தது: புல் 4,500, முள் வேர் எடுத்தது 7,000, டிராக்டர் 1,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,340, ஆக மொத்தம் 15,340. பணம் வராவிட்டால் முள்ளைத் திரும்பக் கொண்டு வந்து மனையிலேயே கொட்டுவேன் என்கிறார். ஒரு பைசா கொடுக்காதே என்கிறான் தம்பி. இதற்கு நடுவில், மெஷின் தெறித்த கல்லில் கார் கண்ணாடி உடைந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் 9,000 கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தம்பி சொல்வதைப் பார்ப்போம். அவர் சொல்வது சரியில்லை. எழுதிக் கையெழுத்துப் போடவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலைக்கு வாய்ப்பேச்சே போதும். உங்களிடம் அதைவிட வலுவான குரல் செய்தியும், முன்பணம் போன பதிவும் இருக்கின்றன. மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது.

அந்தக் குரல் செய்தியில் இருக்கும் ‘மொத்தமா’ என்ற ஒரு சொல் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. புல் வெட்டும் கூலி ஊருக்கு ஊர் ஒவ்வொரு கணக்கில் ஓடுகிறது. சிலர் சென்ட் கணக்கில் கேட்பார்கள், சிலர் கிரவுண்ட் கணக்கில், சிலர் மெஷின் ஓடிய மணி நேரத்துக்கு, சிலர் ஆள் கூலியும் பெட்ரோலும் தனித்தனியாக. உங்கள் மேஸ்திரி மொத்தமாகப் பேசிவிட்டார். அள்ளிக் கொடுப்பதும் அதில் சேர்ந்தது. அதனால் வெட்டிய புல்லை ஏற்றிப் போகத்தான் டிராக்டர் வந்தது என்றால் அந்த 1,500-ஐத் தனியாகக் கேட்க அவருக்கு உரிமையில்லை. முள்ளை ஏற்றவும் வந்தது என்றால் அந்தப் பங்கை மட்டும் பேசலாம்.

ஜிஎஸ்டி விஷயத்தில் தயங்கவே வேண்டாம். பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பதிவு பெறாத ஒருவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் 2,340 அப்படியே கழிந்துவிடும்.

இனி கட்டைவிரல். வெறும் படம்தானே என்று விட்டுவிட முடியாது. கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஆளி விதை விற்பனை ஒப்பந்தம் போனில் வந்தபோது, ஒரு விவசாயி பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். அது சம்மதம்தான், கையெழுத்துக்குச் சமம்தான் என்று 2023-இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கேயும் நீதிபதி சுற்றுச்சூழ்நிலையைப் பார்ப்பார். வீடியோ வந்தது, கூட ஆகும் என்றார், நீங்கள் கட்டைவிரல் காட்டினீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வேலை நடந்தது. முள் எடுக்கச் சம்மதித்தீர்கள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் எவ்வளவுக்குச் சம்மதித்தீர்கள்? ‘கூட ஆகும்’ என்பது ஒரு தொகை இல்லை. சம்மதித்தது வேலைக்கு, 7,000 என்ற எண் அந்த உரையாடலில் எங்குமே வரவில்லை. இங்கேதான் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு வருகிறது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் உங்களுக்காகச் சட்டப்படி ஒரு வேலை செய்து, அதன் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு நியாயமான ஈடு கொடுக்க வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே.மண்டல் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்தக்காரருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. முறையான ஒப்பந்தம் இல்லாமலே அந்த ஒப்பந்தக்காரர் அரசுக்குக் கிடங்குகளும் சாலையும் அமைத்துக் கொடுத்தார், அரசும் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வேண்டாம் என்று மறுக்க வாய்ப்பிருந்தும் பலன் பெற்றவர் ஏற்றுக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

எனவே 7,000-ஐ அப்படியே கொடுக்க வேண்டியதில்லை, ஒன்றும் கொடுக்காமலும் இருக்க முடியாது. நியாயமான தொகை எவ்வளவு என்பதற்கு அந்தப் பகுதியில் இதே வேலை செய்யும் வேறு இருவரிடம் மனையின் வீடியோவைக் காட்டி வாட்ஸ்அப்பிலேயே விலை கேளுங்கள். அதற்கு முன் மனையைப் போய்ப் பாருங்கள், போக முடியாவிட்டால் தெரிந்தவரை அனுப்பிப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சீமைக் கருவேலம் தரைமட்டத்தில் அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு எடுத்தால் குழி இருக்கும், புது மண் தெரியும். அறுத்த கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேர் எடுத்த கூலி கேட்க அவருக்கு முகாந்திரமே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த விறகு எங்கே போனது? கருவேல விறகுக்கு விலை உண்டு, கரி மூட்டம் போடுகிறவர்களும் வாங்குவார்கள். பருத்த மரமாக இருந்தால் வெட்டுகிறவரே நில உரிமையாளருக்குப் பணம் கொடுத்து எடுத்துப்போவதும் நம் ஊரில் உண்டு. உங்கள் மனையில் வளர்ந்த மரம் உங்களுடையது. டிராக்டரில் ஏற்றிப்போய் விற்றிருந்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அனுப்பிய தகவல்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பலரும் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, இன்று என்ன செய்யலாம்? பேசிய 4,500-இல் பாக்கி 2,500-ஐ இன்றே ஜிபேயில் அனுப்பி, ‘புல் வெட்டியதற்குப் பேசிய தொகையின் பாக்கி’ என்று குறிப்புப் போடுங்கள். வெயிலில் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றவர்களுக்கு மறுக்க முடியாத கூலி அது. வழக்கு என்று வந்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டவர் என்ற பெயரும் உங்களுக்குத் துணை நிற்கும். அப்புறம் ஒரு செய்தி அனுப்புங்கள்: “முள் எடுத்ததற்குத் தொகை பேசவில்லை. நியாயமான கூலி தரத் தயார். எத்தனை மரம், எத்தனை ஆள், விறகு யாரிடம் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி தர இயலாது.” கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம்.

முள்ளைத் திரும்பக் கொட்டுவேன் என்ற மிரட்டல் குரல் செய்தியாக இருந்தால் அழிக்காமல் வையுங்கள். சொத்துக்குத் தீங்கு செய்வேன் என்று மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 351-ஆவது பிரிவில் குற்றம். நிஜமாகவே கொட்ட வந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கூலி பாக்கியை வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலை இல்லை. உங்களை அப்படி யாராவது கூப்பிட்டால் இது சிவில் தகராறு என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பேச்சு முறிந்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மக்கள் நீதிமன்றத்துக்கு மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு பெறும் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. இவ்வளவு சிறிய தொகைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேலையே சரியில்லை என்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே புகார் செய்யலாம், 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். பேசாமல் இருந்தால் மேஸ்திரி மறந்துவிடுவார் என்று மட்டும் நினைக்காதீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட அவருக்கு 3 வருடம் இருக்கிறது.

கார் கண்ணாடி தனிக் கணக்கு. நீங்கள் திருச்சியில் இருந்தீர்கள். மெஷினும் ஆளும் மேஸ்திரியுடையவை, எப்படி வெட்டுவது என்று முடிவு செய்ததும் அவர். தனி ஒப்பந்தக்காரரின் கவனக்குறைவுக்குப் பொதுவாக வேலை கொடுத்தவர் பொறுப்பில்லை. பிரஷ் கட்டர் என்ற இந்தப் புல் வெட்டும் மெஷினோடு வரும் கையேடுகளில், ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று வழக்கமாகவே எச்சரிக்கை இருக்கும். பக்கத்திலேயே கார் நின்றும் தகரமோ சாக்கோ கட்டி மறைக்காமல் வெட்டினார் என்றால் பொறுப்பு அவருடையது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை நேரில் பொறுமையாகச் சொல்லுங்கள், மனையைப் பார்த்துக்கொள்ள அவர் உங்களுக்கு வேண்டியவர். காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் முதலில் அதில் கேட்கச் சொல்லுங்கள். அந்த 9,000-ஐ நீங்களாக மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவர் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் பிடியுங்கள்.